ஒரு பக்கம் மட்டும் சூடு

உருளைக்காரியின் புறங்கையை நம்பித்தான் அந்தச் சலவைக்கூடமே ஓடியது என்றால் மிகை என்பீர்கள். மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான இரும்பு உருளைக்குள் விட்டுச் சுருக்கம் எடுப்பது அவள் வேலை. உருளையில் சூடு காட்டும் முள் ஒன்று இருந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவள் புறங்கையைக் கிட்டே கொண்டுபோவாள். முகத்தைச் சுளித்தால் சூடு அதிகம், உதட்டைப் பிதுக்கினால் போதாது. ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்துவிட, ஒரு விடுதியின் விரிப்புகள் அத்தனையும் தேநீர் நிறத்தில் வெந்து போயின. விடுதிக்காரர் அதைப் புது ரகம் என்று நினைத்து, இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று ஆள் அனுப்பினாராம்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வண்ணச் சீட்டுத் தைத்து அனுப்புவார்கள். நீலம் என்றால் பருத்தி, மஞ்சள் என்றால் கலப்பு நூல், இப்படி. துவைக்கும் எந்திரத்தடியில் நிற்கும் மேஸ்திரி சீட்டைத்தான் பார்ப்பார். துணியைத் தொட்டும் பார்க்கமாட்டார். சீட்டு இல்லாத புதுத் துணி வந்துவிட்டால் அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார். அது அங்கேயே கிடந்து நாறும். அதனால் பெண்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். புதுத் துணிக்கு எந்தப் பழைய துணி ஒன்றுவிட்ட அக்கா தங்கை மாதிரி இருக்கிறதோ, அதன் சீட்டைத் தைத்து அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு துவைப்பார். துணியும் பொறுப்பாகத் திரும்பி வரும். ஒரே ஒருமுறை கம்பளிச் சால்வை ஒன்றுக்கு உருளைக்காரி நீலச் சீட்டுத் தைத்தாள். அது பொம்மைக்குப் போர்த்தும் அளவில் திரும்பி வந்தது. அதை இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்து, சூடான பாத்திரம் இறக்கும் துணியாக வைத்துக்கொண்டாள். மற்றபடி அந்தத் தந்திரம் அவளைக் கைவிட்டதே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அவள் வீட்டுக்காரர் கிரேன் ஓட்டியவர். கட்டடங்களுக்கு மேலே கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்குமே, அந்தக் கிரேனின் உச்சிக்கூண்டில் உட்கார்ந்து, இரும்பு உத்திரங்களைப் பூவைப் போல இறக்கி வைத்தவர். மேகம் கூண்டுக்குள் வந்து தன் சாப்பாட்டுப் பாத்திரத்தில் ஈரம் பண்ணிவிட்டுப் போகும் என்பார். ஒரு மழைநாளில் இறங்கும்போது கால் வழுக்கியது. உச்சியில் இல்லை, கடைசி ஐந்தாறு படிகளில். மேகத்தோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு அந்த ஐந்தாறு படிகளே போதுமானதாக இருந்தன. நெஞ்சுக்குக் கீழே உடம்பு அவர் சொல்பேச்சுக் கேட்பதை நிறுத்திவிட்டது. இடது கை, யாராவது தூக்கிவிட்டாலும் தூங்கும். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் விசுவாசமாக மிச்சம் இருந்தன.

அதற்குப் பிறகு உலகமே அவரிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தது. விழுந்தது முதுகு, ஆனால் பார்க்க வருகிறவர்கள் காது கேட்காதவரிடம் பேசுவது போல வாயை அகலத் திறந்து பேசினார்கள். அவர் பெரியம்மா வந்தால், அவர் சாப்பிடாத நேரத்திலும் வாயைத் துடைத்துவிட்டுத்தான் போவார். கிரேன் கூட்டாளிகள் வந்தார்கள். ஒரு காலத்தில் ஒருவர் பாட்டியை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொண்டவர்கள், "வாங்க, போங்க" என்று மரியாதை கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி போனார்கள்.

"பாத்தியா? செத்தவனுக்குக் குடுக்கற மரியாதை எனக்குக் குடுத்துட்டுப் போறானுங்க" என்றார் அவளிடம்.

லேப்டாப் வந்தது அப்போதுதான். பழைய கணினிகள் விற்கும் அவள் கொழுந்தன் கொண்டுவந்து கொடுத்தான். மடிக்கணினி என்று பெயர், மடியில் வைத்தால் மடி இருக்காது. அதன் சார்ஜர் செங்கல் கனம்; காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு அதையே முட்டுக் கொடுக்கலாம். விசிறி சுழல ஆரம்பித்தால் மாடி வீட்டம்மா மழைக்காற்று வந்துவிட்டது என்று காயும் துணியை எடுக்க ஓடுவாள்.

"அண்ணி, இதுக்குள்ள ரெண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கு" என்றான் கொழுந்தன். "படத்தை ரெண்டும் மாத்தி மாத்தி வரையும். ஒரு படம் இது, அடுத்த படம் அது. அதனாலதான் அண்ணன் கேம்ல கடல் இப்படி வழுக்கிட்டுப் போகுது."

"யாரு எதை வரையணும்னு யார் சொல்றது?"

"டிரைவர்."

"அது யாரு?"

"ஆள் இல்ல அண்ணி, உள்ள ஓடற ஒரு புரோகிராம். ஒவ்வொரு கேமுக்கும் அதுகிட்ட ஒரு புரொஃபைல் இருக்கும். இந்தக் கேம் வந்தா வேலையை இப்படிப் பிரிச்சுக் குடு, அந்தக் கேம் வந்தா அப்படின்னு."

"தெரியாத கேம் வந்தா?"

"எதுக்கு வம்புன்னு ஒரு சிப்பை மட்டும் எழுப்பும். இன்னொண்ணு தூங்கும்."

"எங்க மேஸ்திரியேதான்" என்று அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. சுவர்ப்பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியது.

அந்தக் கேமில் ஒரு கடல், கடல் நிறையப் பாய்மரக் கப்பல்கள். ஒவ்வொரு கப்பலிலும் சில பேர், ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்தபடி ஹெட்போனில் கத்திக்கொண்டு, அடுத்தவர் கப்பலைக் கவிழ்ப்பார்கள். படுக்கையின் குறுக்கே ஒரு பலகை, அதன்மேல் லேப்டாப், மூன்று விரலுக்குள் மவுஸ். கொஞ்ச காலத்தில் கிரேன்காரர் ஒரு கப்பலுக்குக் கேப்டன் ஆகிவிட்டார். உயரத்திலிருந்து பார்த்துப் பழகிய கண். எந்தக் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். சுக்கான் பிடிப்பவனுக்கு நண்டு என்று பட்டப்பெயர், பீரங்கி சுடுபவனுக்குக் கொக்கி. நண்டின் வாய் ஒரு திறந்த சாக்கடை.

"யோவ் கேப்டன், தூங்கறியா? கையில என்ன கஞ்சியா ஓடுது? கொடியை ஏத்துய்யா!"

"நீ மொதல்ல சுக்கானைப் பிடிடா, எருமை. போன தடவ பாறையில கொண்டுபோய் சொருகினவன் பேசறான்."

உருளைக்காரி சமையல் கட்டிலிருந்து இதைக் கேட்பாள். வெளியே யாராவது அவரை அப்படிப் பேசியிருந்தால் கரண்டியோடு போயிருப்பாள். இங்கே அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டார்: "இதுல ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது. இவனுங்களுக்கு நான் முழு ஆளு. உலகத்துல இவனுங்களுக்கு மட்டும்தான்."

அவள் தலையாட்டினாள். வேலை விட்டு வந்ததும் லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது அவள் வழக்கமாயிற்று. இடமும் வலமும் இரண்டு இடங்களில் சுடும். இரண்டும் சுட்டால் சாயங்காலம் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

பிறகு அந்தக் கேமை நடத்தியவர்கள் பழையதை மூடிவிட்டுப் புதியது ஒன்றை இறக்கினார்கள். பெரிய கடல், புதுக் கப்பல், இன்னும் நிஜமான அலை. கூட்டம் மொத்தமும் அதற்கு மாறியது. கிரேன்காரரும் மாறினார். மாறிய அன்றே கடல் திக்கியது. அலை எழும்பி நடுவானில் நிற்கும், பிறகு தடாலென்று விழும். எதிரிக் கப்பல் இங்கே தெரியும், கண்ணிமைப்பதற்குள் அங்கே போயிருக்கும். பத்து விரலும் உள்ளவர்கள் எப்படியோ சமாளித்திருப்பார்கள். மூன்று விரலுக்கு அது முடிகிற காரியமில்லை.

அவள் புறங்கையை வைத்தாள். இடது பக்கம் சுட்டது. வலது பக்கம் ஜில்லென்று இருந்தது.

"கேப்டன், இதோட மூணு கப்பல் போச்சு" என்றான் நண்டு. இந்த முறை திட்டவில்லை. "வேற யாராவது கொஞ்ச நாள் பாக்கட்டுமே."

அன்று அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

மறுநாள் அவள் சாப்பாட்டு இடைவேளையில் கொழுந்தனுக்குப் போன் செய்தாள். அவன் கடையில் கூட்டத்தின் நடுவே நின்றிருந்தான்.

"ரெட்டை சிப் லேப்டாப்பெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல அண்ணி. புதுக் கேமுக்கு அதுல புரொஃபைல் வராது. அண்ணனை வேற ஏதாவது விளையாடச் சொல்லுங்க."

"வேற ஏதாவதுன்னா? கப்பலைச் சொல்றியா, ஆளுங்களைச் சொல்றியா?"

"ஐயோ அண்ணி, கஸ்டமர் நிக்கறாங்க."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. இது இன்ன கேம்னு அந்த டிரைவருக்கு எப்படித் தெரியுது? உள்ள பிரிச்சுப் பாக்குமா?"

"இல்ல. ஃபைலோட பேரைத்தான் பாக்கும்."

"பேரை மட்டுமா?"

"பேரை மட்டும்தான். வெக்கட்டுமா?"

அவள் போனை வைத்துவிட்டுக் கையிலிருந்த நீலச் சீட்டைப் பார்த்தாள். மீதி நாள் முழுக்க அவள் உருளையில் விட்ட விரிப்புகள் நேராகப் போயினவா கோணலாகப் போயினவா என்று அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் அவருக்கு முகம் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, "விசிறியில தூசி அடைச்சிருக்கு, தட்டிட்டு வரேன்" என்று லேப்டாப்பைச் சமையல் மேடைக்கு எடுத்துப் போனாள். புதுக் கேமின் ஃபைலைத் தேடி எடுத்து, அதன் பெயரை அழித்து, பழைய கேமின் பெயரை எழுத்துக்கு எழுத்து அடித்தாள். கொண்டுவந்து பலகையில் வைத்தாள்.

கடல் ஓடியது. எண்ணெய் மேல் எண்ணெய் ஊற்றின மாதிரி ஓடியது. விசிறி போட்ட சத்தத்தில் மாடி வீட்டம்மா காயாத துணியையும் எடுத்துக்கொண்டு போனாள். அடியில் இரண்டு பக்கமும் சுட்டது. அந்த வாரம் அவர் கவிழ்த்த கப்பல்களின் மரத்தை எல்லாம் பொறுக்கியிருந்தால் தெருவுக்கே விறகு ஆகியிருக்கும்.

"யோவ், எங்கய்யா போயிருந்தே இத்தனை நாளா?" என்று நண்டு கத்தினான். "கிழட்டு நரி!"

"உங்கப்பன்டா" என்றார் அவர்.

என்ன செய்தாய் என்று அவளைக் கேட்டார். "தூசி" என்றாள். பெருமையில் அவளுக்கு முகம் கொள்ளவில்லை.

புதுக் கேமுக்குள் கள்ள ஆட்டம் பிடிக்கும் காவல்கார புரோகிராம் ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியாது. மேஸ்திரியைப் போல இல்லை. துணியையும் பார்க்கும், சீட்டையும் பார்க்கும், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் திருட்டு என்று எழுதிவிடும். கள்ளத்தனம் பண்ணுகிறவர்கள்தான் பெயர் மாற்றிக்கொண்டு வருவார்கள் என்பது அதன் படிப்பு. ஒரு சாயங்காலம் நடுக்கடலில், நடுச் சண்டையில், திரை நின்றது. சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. மோசடி செய்ததற்காக இந்தக் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது என்றது. முறையிட்டுப் பார்த்தால் அந்த நொடியே இன்னொரு பெட்டி வந்து, முடிவு முடிவுதான் என்றது. படித்துப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

கேப்டன் மோசடி என்ற செய்தி கப்பல் முழுக்கப் போயிருந்தது. கேமுக்கு வெளியே அவர்கள் கூடிப் பேசும் குரல் அறை ஒன்று தனியாக உண்டு. அதில் எல்லோரும் காத்திருந்தார்கள். கட்டிலருகே நின்ற அவளுக்கும் ஹெட்போனிலிருந்து கசிந்தது.

"அதான் திடீர்னு அப்படி ஆடினியா?" இது கொக்கி. "நாங்கதான் வாயில ஈ போறது தெரியாம பாத்துட்டு இருந்தோம்."

"நான் எதுவும் பண்ணலடா" என்றார் அவர். "நண்டு, நீயாவது சொல்லு."

"என்னத்த சொல்ல? அது சும்மா புடிக்காதுய்யா. உன்னை நம்பி நான் எத்தனை பேர்கிட்ட சண்டைக்குப் போனேன் தெரியுமா?"

"அப்ப நீதான் போட்டுக் குடுத்தியா? கேப்டன் ஆகணும்னு ரொம்ப நாளா உனக்கு..."

"ஏய், வாயை அலம்பிட்டுப் பேசு!"

அவள் ஹெட்போனை அவர் தலையிலிருந்து கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். அவர் மூன்று விரலால் அவள் முந்தானையைப் பிடித்தார், பிடி நிற்கவில்லை.

"தம்பி, நான் அவர் வீட்டுக்காரம்மா பேசறேன். அவர் மேல தப்பில்ல. அந்த ஃபைல் பேரை நான்தான் மாத்தினேன். ரெண்டு சிப்பும் ஓடட்டும்னு மாத்தினேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, மாட்டினவன் எல்லாரும் தம்பி பண்ணான், பக்கத்து வீட்டுக்காரன் பண்ணான்னுதான் சொல்லுவான்" என்றான் கொக்கி. "பொண்டாட்டி பண்ணாங்கறது புதுசு. நல்லாருக்கு."

"நெஜமாத்தான் தம்பி..."

"ஏன்க்கா, அவருக்குக் கை இல்லையா? நீங்க ஏன் மாத்தறீங்க?"

அந்தக் கேள்வி அவள் நாக்கின் பூட்டை உடைத்துவிட்டது. "ஆமா, இல்லதான்!" என்று கத்தினாள். "மூணு விரலுதான் இருக்கு! நெஞ்சுக்குக் கீழ ஒண்ணுமில்லாம படுத்த படுக்கையா கிடக்கறாருடா அந்த மனுஷன்! படம் திக்கினா அவரால முடியல, அதான் மாத்தினேன், போதுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணைக் கூரைக்கு ஏற்றியிருந்தார், கிரேன் கூண்டு அங்கே தொங்குகிற மாதிரி. ஹெட்போனில் நண்டின் குரல் வந்தது; அந்தச் சாக்கடையில் யாரோ பன்னீரை ஊற்றியிருந்தார்கள்.

"அண்ணா... எங்களுக்குத் தெரியாதுண்ணா. மன்னிச்சிருங்கண்ணா."

அவர்கள் நல்ல பிள்ளைகள். அதுதான் கொடுமை. அன்றைக்கே அவருக்குப் புதுக் கணக்குத் திறக்கச் சொல்லி, அடிமட்டத்திலிருந்து ஏற வேண்டியவரை நேராகக் கேப்டன் இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் ஃபைலுக்கு அதன் சொந்தப் பெயரையே திருப்பி வைத்தாள். ஒற்றைச் சிப்பில் கடல் திக்கியது. இருந்தாலும் அவர்கள் அவரைத் தோற்கவிடவில்லை.

"நல்லா பாத்துச் சொன்னீங்கண்ணா."

"பரவால்லண்ணா, மெதுவா வாங்க. நாங்க நிக்கறோம்."

அவர் சுக்கானைக் கேட்டு வாங்கி, வேண்டுமென்றே கப்பலைப் பாறையில் கொண்டுபோய் மோதினார். "அது பாறையோட தப்புண்ணா" என்றான் நண்டு.

அவர் கதை அதற்குள் கடல் முழுக்கப் பரவியிருந்தது. ஒரு நாள் பெரிய எதிரிக் கப்பல் ஒன்று நேருக்கு நேர் வந்தது. ஒரே சுற்றில் அவர்களைக் கடலடிக்கு அனுப்பியிருக்கலாம். அருகே வந்தது, பெயரைப் பார்த்தது, பீரங்கியை மூடிவிட்டு ஒதுங்கி வழி விட்டது. போகும்போது கொடியைத் தாழ்த்தியும் காட்டியது.

அவர் மவுஸை விட்டுவிட்டார்.

"இவனுங்களும் என் வாயைத் துடைக்க ஆரம்பிச்சுட்டானுங்க" என்றார்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பேரை மாத்தினதை நான் மன்னிச்சுட்டேன்" என்றார், கூரையைப் பார்த்தபடி. "அது எனக்காகப் பண்ணே. வாயைத் திறந்தியே... அதுவும் எனக்காகத்தான்னு தெரியுது. ஆனா முடியல."

அதன்பின் லேப்டாப் மூடியே கிடந்தது. அவள் வேலை விட்டு வந்ததும் பழக்கத்தில் புறங்கையை வைப்பாள். இரண்டு பக்கமும் ஜில்லென்று இருக்கும். அவர் அவளிடம் தண்ணீர் கேட்டார், திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார், நன்றி என்றுகூடச் சொன்னார். அந்த நன்றிதான் அவளுக்கு உருளையில் கை மாட்டின மாதிரி இருந்தது. எப்படியோ எண்ணைத் தேடிப் பிடித்து நண்டு போன் செய்தான். கூட்டமாக வந்து பார்க்கட்டுமா என்று கேட்டான். அவர் தூங்குகிறார் என்றாள். விழித்துக்கொண்டிருந்த அவர் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மழை பிடித்த ஒரு மாலை, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டார்.

"இந்தா, அதைத் திற. வேற கணக்கு ஒண்ணு போடு."

"என்ன பேர் போடட்டும்ங்க?"

"ஒரு பேரும் வேண்டாம். அதுவா குடுக்கற நம்பர் இருக்கட்டும். மைக்கைப் பிடுங்கிடு. சத்தம் மட்டும் வெளிய வரட்டும்."

எங்கோ ஒரு கடல் மூலையில், யாரென்றே தெரியாதவர்களின் கப்பலில், தளம் துடைக்கும் கடைசி ஆளாகச் சேர்ந்தார். கடல் திக்கியது. கையிலிருந்த துடைப்பம், அலை வந்தால் நடுவானில் நின்றது. ஒரு மூலையைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்தவர்கள் தளத்தையே முடித்துவிட்டார்கள். அந்தக் கப்பலின் கேப்டன் குரலில் மீசைகூட முளைக்காத யாரோ. ஆனால் வாய் மட்டும் நண்டுக்கே பாடம் எடுக்கும்.

"ஏய், நம்பர் ஆளு! என்னடா பண்றே அங்க? நத்தைக்குப் பொறந்தவனே!"

அவள் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. பலகை ஓரத்தில் மைக் கழன்று கிடந்தது. செருகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? தம்பி, அவர் யார் தெரியுமா, அவர் எப்படிக் கிடக்கிறார் தெரியுமா? வார்த்தைகள் வரிசையாகப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன.

"காது செவிடா? சோம்பேறிக் கழுதை! எந்திரிச்சு நில்லுடா! ரெண்டு கால் எதுக்குடா இருக்கு உனக்கு?"

அவள் அவரைப் பார்த்தாள். வாயோரம் ஒரு பக்கமாக ஏறியிருந்தது. பெரியம்மா துடைத்துத் துடைத்து மறக்கடித்திருந்த அந்தப் பழைய சிரிப்பு. மூன்று விரலும் மவுஸில் அவசர அவசரமாக நகர்ந்தன.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மைக்கை எடுத்து, சுருங்கிப் போன அந்தச் சால்வைத் துணியில் சுற்றி, கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தாள். பிறகு வந்து லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் சுட்டது. வலது பக்கம் ஜில்லென்று இருந்தது; அதை அப்படியே விட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.